பனியில் ஓடும் நாய்களும் ஏற்காட்டுப் பிள்ளைகளும்: வாசகர் கேள்விகள், டீச்சர் பதில்கள்

போன மாதம் இந்தப் பத்திரிகையில் எங்கள் வகுப்பைப் பற்றி ஒரு பக்கம் எழுதியிருந்தேன். ஏற்காடு மலையில், காபித் தோட்டங்களுக்கு நடுவே இருக்கிற ஒரு சின்ன நடுநிலைப் பள்ளி. மார்ச் மாதம் அலாஸ்காவில் நடக்கும் 'இடிடரோட்' என்ற நாய் வண்டிப் பந்தயத்தை எங்கள் ஆறாம், ஏழாம், எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் 2022-இலிருந்து நாள் தவறாமல் பின்தொடர்கிறார்கள், கடைசியில் வருபவருக்கும் ஒரு விளக்கு உண்டு என்று மட்டும்தான் எழுதினேன். அதற்கு வந்த கடிதங்களை எல்லாம் கட்டிக் கொடுத்து, நீங்களே பதில் சொல்லிவிடுங்கள் என்றார் பத்திரிகை ஆசிரியர். ஒரே மாதிரி வந்த கேள்விகளைச் சேர்த்துவிட்டேன். இனி கேள்விகள்.

கேள்வி: பனியையே பார்க்காத பிள்ளைகளுக்கு அலாஸ்காவில் நாய் ஓடுவது எதற்கு டீச்சர்? நம் ஊரில் சொல்லிக்கொடுக்க விஷயமா இல்லை?
(ஒரு வாசகி, மரவனேரி)

நியாயமான கேள்விதான். நானும் திட்டம் போட்டு இதைத் தொடங்கவில்லை. ஒரு நாள் துருவப் பகுதி பற்றிய பாடம். குளிர், பனி, இக்லூ என்று நான் சொல்லிக்கொண்டே போகிறேன், பிள்ளைகள் ஜன்னல் வழியே சில்வர் ஓக் மரத்தில் ஏறும் மிளகுக் கொடியைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். பாடம் சப்பென்று போகிறதே என்று, எப்போதோ படித்திருந்த இந்தப் பந்தயத்தை எடுத்துவிட்டேன். ஆங்கரேஜ் பக்கம் தொடங்கி பெரிங் கடல் ஓரத்தில் இருக்கும் நோம் என்ற ஊர் வரை சுமார் 1,600 கிலோமீட்டர், ஒரு ஆள், ஒரு சறுக்குவண்டி, பத்துப் பதினைந்து நாய்கள், வேறு துணை கிடையாது என்றேன். வகுப்பில் வாயே திறக்காத ஒரு பெண் கையைத் தூக்கி, "டீச்சர், அந்த நாய்ங்களுக்கெல்லாம் பேர் இருக்கா?" என்று கேட்டாள். எனக்குத் தெரியவில்லை. மறுநாள் பார்த்துவிட்டு வந்து, ஒவ்வொரு நாய்க்கும் பேர் உண்டு என்று சொன்னேன். அவ்வளவுதான், பிடித்துக்கொண்டார்கள்.

1,600 கிலோமீட்டர் என்று சும்மா சொன்னால் எங்கள் பிள்ளைகளுக்கு ஒன்றும் தோன்றாது. பாதிப்பேர் சேலத்தைத் தாண்டியதில்லை. அதனால் கணக்குப் போட்டுப் பார்த்தோம். சேலத்திலிருந்து சென்னைக்குப் போய்த் திரும்பி, மறுபடியும் போய்த் திரும்பி, அதற்கு அப்புறம் மதுரைக்கும் போய்ச் சேர்ந்தால் ஏறக்குறைய அந்தத் தூரம் வருகிறது. அடிவாரத்திலிருந்து இருபது கொண்டை ஊசி வளைவு ஏறி வருவதற்குள்ளேயே பஸ்ஸில் மயங்கி விழுகிற பிள்ளைகள் இவர்கள். அந்தத் தூரத்தைப் பனியில், ராத்திரியும் பகலுமாக நாய்கள் போகின்றன என்றதும் வகுப்பு அப்படியே அமைதியாகிவிட்டது.

நம் ஊர் விஷயத்துக்கும் இதனாலேயேதான் வந்து சேர்ந்தோம். நாய்களை இரண்டிரண்டாகப் பூட்டுவார்கள், ஒவ்வொன்றுக்கும் தனி இடம் உண்டு என்று சொன்னபோது, ஒரு பையன் வீட்டுக்குப் போய்த் தாத்தாவிடம் கேட்டிருக்கிறான். அவர் கீழே வாழப்பாடிப் பக்கம் ஏர் ஓட்டியவர். வலத்து மாடு, இடத்து மாடு என்று பழக்கிவிட்டால் இடம் மாற்றிப் பூட்டினால் மாடு மிரளும் என்று சொன்னாராம். அவரை ஒரு நாள் வகுப்புக்கே கூப்பிட்டோம். ஒரு மணி நேரம் பேசினார், ஒரு பிள்ளைகூட அசையவில்லை. ஏர் பூட்டுவதைப் பற்றி அந்தப் பையன் தாத்தாவிடம் கேட்டது அதுதான் முதல் தடவை.

கேள்வி: நானும் ஆசிரியர்தான். செலவு என்ன, தினமும் எவ்வளவு நேரம், நெட் இல்லாத இடத்தில் எப்படி? கொஞ்சம் விவரமாகச் சொல்லுங்கள்.
(ஒரு கணித ஆசிரியர், ஆத்தூர்)

செலவு என்று பார்த்தால் நாலு சார்ட் அட்டை, ஒரு நைலான் கயிறு, குண்டூசி, கிழிந்த துணி. நேரம், காலையில் வழிபாட்டுக் கூட்டம் முடிந்ததும் பதினைந்து நிமிடம். எங்கள் பள்ளியில் சிக்னல் ஒரு மூலையில்தான் கிடைக்கும், அதனால் ஏற்காடு பஸ் ஸ்டாண்டில் இறங்கியதும் பந்தய நிலவரத்தைப் பார்த்து ஒரு நோட்டில் எழுதிக்கொண்டு வந்துவிடுவேன். பிள்ளைகளுக்குப் படமோ வீடியோவோ இல்லாததால் ஒன்றும் குறைந்துவிடவில்லை. நோட்டைத் திறப்பதற்கு முன்னாலேயே என் முகத்தைப் பார்த்துச் செய்தியைக் கண்டுபிடித்துவிடுகிறார்கள்.

முதலில் வரைபடம் வரையுங்கள். வழியில் இருபதுக்கும் மேற்பட்ட நிறுத்தங்கள் உண்டு. இரட்டைப்படை வருடத்தில் வடக்குப் பாதை, ஒற்றைப்படை வருடத்தில் தெற்குப் பாதை. இரண்டும் நடுவில் பிரிந்து கல்டாக் என்ற ஊரில் மறுபடி சேரும். தெற்குப் பாதையில்தான் இடிடரோட் என்ற பழைய தங்கச் சுரங்க ஊர் இருக்கிறது, இப்போது அங்கே குடியிருப்பவர் யாரும் இல்லை, பந்தயத்துக்குப் பேர் மட்டும் கொடுத்துவிட்டுக் கிடக்கிறது. பனி போதாத சில வருடங்களில் வடக்கே ஃபேர்பேங்க்ஸிலிருந்து தொடங்கியிருக்கிறார்கள், 2003, 2015, 2017, 2025 வருடங்களில் அப்படித்தான். துருவத்தை ஒட்டிய ஊரில் பனி போதவில்லையா என்று கேட்பார்கள். அந்தக் கேள்வியைத் தவறவிடாதீர்கள், பருவநிலைப் பாடத்தை அதிலிருந்தே தொடங்கலாம்.

ஆளுக்கு ஒரு வண்டிக்காரரைச் சீட்டுக் குலுக்கி எடுக்கச் சொல்லுங்கள். அங்கே மஷர் என்பார்கள், எங்கள் பிள்ளைகளுக்கு அவர் வண்டிக்காரர்தான். தன் வண்டிக்காரர் எந்த ஊரில் இருக்கிறார், எத்தனை நாய் மிச்சம், எவ்வளவு நேரம் ஓய்வு எடுத்தார் என்று தினமும் குறித்து, வரைபடத்தில் குண்டூசியை நகர்த்த வேண்டும்.

கணக்கு ஆசிரியர் என்றீர்கள், உங்களுக்கு இது பெரிய விருந்து. வண்டிகள் இரண்டு நிமிட இடைவெளியில் ஒவ்வொன்றாகக் கிளம்பும். அப்படியானால் கடைசியில் கிளம்புகிறவருக்கு ஒரு மணி நேரத்துக்கும் மேல் நஷ்டம் இல்லையா என்று எங்கள் ஏழாம் வகுப்பு சண்டைக்கே வந்துவிட்டது. வழியில் எல்லோரும் ஒரு முறை 24 மணி நேரம் கட்டாயமாக நிற்க வேண்டும், அந்த நிறுத்தத்தில் இந்த வித்தியாசத்தைக் கூட்டிச் சரிசெய்துவிடுவார்கள் என்று சொன்ன பிறகுதான் ஒப்புக்கொண்டார்கள். அப்புறம் ஒவ்வொருவரும் தன் வண்டிக்காரர் எத்தனை நிமிடம் கூடுதலாக நிற்க வேண்டும் என்று போட்டுப் பார்த்தார்கள், நான் சொல்லாமலே. நேரக் கணக்கும் உண்டு. பந்தயம் தொடங்கும்போது நமக்கும் அலாஸ்காவுக்கும் 14½ மணி நேர வித்தியாசம். மார்ச் இரண்டாவது ஞாயிறன்று அவர்கள் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே தள்ளிவைப்பார்கள், அதிலிருந்து 13½ மணி நேரம். முதல் வருடம் இது எனக்குத் தெரியாது. என் கணக்கு ஒரு மணி நேரம் உதைக்கிறது என்று கண்டுபிடித்தது எட்டாம் வகுப்புப் பெண் ஒருத்திதான். எனக்கு அன்றைக்கு இருந்த சந்தோஷத்தை எழுத முடியாது.

இன்னொன்று. மைனஸ் 40 டிகிரி வரை அங்கே குளிர் போவதுண்டு. செல்சியஸா ஃபாரன்ஹீட்டா என்று கேட்பார்கள். எது வேண்டுமானாலும் வைத்துக்கொள் என்று சொல்லி, சூத்திரத்தைப் போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள்.

கேள்வி: 'மஷ்' என்று கத்தினால்தான் நாய் ஓடுமா?
(ஒரு கல்லூரி மாணவர், ஓமலூர்)

இல்லை. அது 'நட' என்று பொருள்படும் பிரெஞ்சுச் சொல்லிலிருந்து வந்தது என்பார்கள், இப்போது ஓட்டுகிறவர்கள் அவ்வளவாகச் சொல்வதில்லை. கிளம்ப 'ஹைக்', வலப்பக்கம் 'ஜீ', இடப்பக்கம் 'ஹா', நிற்க 'வோ'. கையில் கடிவாளமோ சாட்டையோ கிடையாது, குரல் மட்டும்தான். அந்தக் குரலைக் கேட்டுத் திரும்புவது முன்னால் போகும் தலைநாய். மைதானத்தில் பதினான்கு பிள்ளைகளைக் கயிற்றில் ஜோடி ஜோடியாக நிறுத்தி ஓட்டிப் பார்த்தோம். முதலில் வகுப்பிலேயே சத்தமான இரண்டு பையன்களைத் தலைநாயாக விட்டேன், மொத்தக் கூட்டமும் பள்ளி வேலியில் போய் முட்டியது. அடுத்த முறை, அந்த நாய்களுக்குப் பேர் இருக்கிறதா என்று கேட்டாளே, அவளை முன்னால் விட்டோம். காதை என் பக்கமே வைத்திருந்தாள். ஒரு சுற்று சுத்தமாக வந்தார்கள்.

கேள்வி: டீச்சர், அந்த நாய்களுக்குக் குளிராதா? என்ன சாப்பிடும்? கால் வலிக்காதா?
(ஆறாம் வகுப்பு மாணவி, மேட்டூர்)

நல்லா கேட்டே பாப்பா, எங்கள் பிள்ளைகளும் இதைத்தான் முதலில் கேட்டார்கள்.

அந்த நாய்களுக்கு அலாஸ்கன் ஹஸ்கி என்று பேர். படத்தில் வருகிற மாதிரி பெரிய புசுபுசு நாய் என்று நினைத்துவிடாதே, நம் தெருவில் ஓடுகிற நாய் அளவுதான், 20 முதல் 25 கிலோ இருக்கும். உடம்பில் இரண்டு அடுக்கு முடி. உள்ளே பஞ்சு மாதிரி ஒன்று, வெளியே ஈரம் ஏறாத நீள முடி ஒன்று. அதனால் குளிரைவிட வெயில்தான் அவற்றுக்குக் கஷ்டம். நமக்கு உடம்பெல்லாம் வியர்க்கிறது, நாய் வாயைத் திறந்து மூச்சு வாங்கித்தான் சூட்டை வெளியே தள்ள முடியும். பகல் கொஞ்சம் சூடேறினாலே பல வண்டிக்காரர்கள் ஓட்டத்தை நிறுத்தி, குளிர்ந்த ராத்திரிக்காகக் காத்திருப்பார்கள்.

ஒரு நாளைக்கு ஒரு நாய்க்குச் சுமார் 10,000 கலோரி வேண்டும். நம் பெரியவர் ஒருவருக்கு 2,000 சொச்சம் போதும் என்று உன் புத்தகத்தில் இருக்கும், வகுத்துப் பார். அதனால் கொழுப்பு நிறைந்த இறைச்சி, மீன் எல்லாம் கொடுப்பார்கள். ஒரு நிறுத்தத்துக்கு வந்ததும் வண்டிக்காரர் முதலில் தான் சாப்பிட உட்கார மாட்டார். வைக்கோல் பரப்பி நாய்களைப் படுக்கவைக்க வேண்டும், அடுப்பு மூட்டிப் பனியை உருக்கித் தண்ணீர் காய்ச்ச வேண்டும், சூடாகக் கூழ் மாதிரி கரைத்து ஊற்ற வேண்டும், ஒவ்வொரு காலாகத் தூக்கிப் பார்த்து மருந்து தடவ வேண்டும். அதெல்லாம் முடிந்தால்தான் அவருக்குச் சாப்பாடும் தூக்கமும். பொங்கலன்று மாட்டுக்கு ஊட்டிவிட்டுத்தான் நாம் சாப்பிடுவோம் இல்லையா, அங்கே அது தினமும்.

காலுக்குத் துணியில் உறை தைத்துப் போடுவார்கள். விரலிடுக்கில் பனிக்கட்டி சேராமல் இருக்க, பாதம் கிழியாமல் இருக்க. ஒரு நாய்க்கு எட்டு உறையாவது கைவசம் வைத்திருக்க வேண்டும் என்று விதியே இருக்கிறது. பதினான்கு நாய் என்றால் 56 கால். எங்கள் பிள்ளைகள் வீட்டிலிருந்து பழைய துணி கொண்டு வந்து 56 உறை தைத்தார்கள், தையல் தெரிந்த ஒரு அம்மா வந்து உதவினார்கள். அப்புறம் ஒரு பிள்ளை கையையே நாயின் காலாக நீட்ட, மற்றவர்கள் ஒவ்வொன்றாக மாட்டினார்கள். 56-ஐயும் போட்டு முடிக்க எத்தனை நிமிடம் ஆகிறது என்று உன் வகுப்பிலும் பார்த்துவிட்டு எனக்கு எழுது.

கேள்வி: நோய்க்கு மருந்து கொண்டுபோன நாய்களின் கதை உண்மையா? அந்த நினைவாகத்தான் இந்தப் பந்தயமா?
(எட்டாம் வகுப்பு மாணவர், சங்ககிரி)

கதை உண்மை தம்பி. நினைவு என்பது பாதிதான் சரி.

1925 ஜனவரியில் நோம் ஊரில் பிள்ளைகளுக்குத் தொண்டை அடைப்பான் வந்தது. ஊரில் இருந்த ஒரே டாக்டர் கர்டிஸ் வெல்ச், அவரிடம் இருந்த மருந்தும் பழசு. கடல் உறைந்துவிட்டது, கப்பல் வராது. அந்தக் காலத்து விமானம் அந்தக் குளிரில் பறக்காது. ஆங்கரேஜில் இருந்த மருந்தை நெனானா வரை ரயிலில் கொண்டுவந்து, அங்கிருந்து நாய் வண்டியில் 674 மைல், அதாவது 1,085 கிலோமீட்டர், இருபது வண்டிக்காரர்கள் கைமாற்றிக் கைமாற்றிக் கொண்டுபோனார்கள். அவர்களில் பலர் அந்த மண்ணின் பூர்வகுடிகள். ஐந்தரை நாளில், பிப்ரவரி 2-ஆம் தேதி விடியுமுன் மருந்து போய்ச் சேர்ந்தது.

கடைசிக் கட்டத்தை ஓட்டியவர் குன்னர் காசென், அவருடைய தலைநாய் பால்டோ. அதே வருடம் டிசம்பரில் நியூயார்க் சென்ட்ரல் பார்க்கில் பால்டோவுக்குச் சிலை வைத்துவிட்டார்கள். ஆனால் எல்லோரையும்விட நீளமான, ஆபத்தான கட்டத்தை, உறைந்த கடல்மேலே குறுக்காகப் போனது லியோன்ஹார்ட் செப்பாலாவும் அவருடைய நாய் டோகோவும். டோகோவுக்கு அப்போதே 12 வயது. இதைச் சொன்னதும் எங்கள் வகுப்பில் ஒரே கொதிப்பு. டோகோவுக்கு ஏன் முதலில் சிலை இல்லை என்று அரை மணி நேரம் வாக்குவாதம், களிமண்ணில் ஒரு டோகோ செய்து அலமாரி மேல் வைத்த பிறகுதான் அடங்கியது.

அன்றைக்குப் பள்ளிக்கு வந்திருந்த கிராமச் செவிலியரை வகுப்புக்குக் கூப்பிட்டேன். அவர் வந்ததே பத்து வயதுப் பிள்ளைகளுக்கு டி.டி. ஊசி போடத்தான். இந்த ஊசியில் இருப்பது ரணஜன்னிக்கும் தொண்டை அடைப்பானுக்கும் தடுப்பு, குழந்தையாக இருந்தபோதே உங்களுக்கு இதைப் போட்டாயிற்று, பதினாறு வயதில் இன்னொரு முறை போடுவோம் என்றார். நோம் பிள்ளைகளுக்கு நாய் கொண்டுபோனது வியாதி வந்த பிறகு கொடுக்கிற மருந்து, இது வராமலே தடுக்கிறது என்று வித்தியாசத்தையும் அவரே சொன்னார். எப்போதும் ஊசி என்றால் கழிப்பறைப் பக்கம் ஓடுகிற ஒரு பையன் அன்று வரிசையில் முதல் ஆளாக நின்றான்.

சரி, பந்தயத்துக்கு வருகிறேன். அது தொடங்கியதற்கு வேறு காரணம் உண்டு. 1960-களில் மோட்டார் பனிவண்டி வந்ததும் கிராமங்களில் நாய்கள் இல்லாமல் போய்க்கொண்டிருந்தன. தலைமுறை தலைமுறையாக வந்த நாயும் அந்தப் பழைய பாதையும் அழிந்துவிடக் கூடாது என்று ஜோ ரெடிங்டன் என்பவர் விடாப்பிடியாக நின்றார், டோரதி பேஜ் என்ற அம்மையார் அவருக்கு முன்பே அந்த யோசனையைச் சொல்லிவந்தார். 1967-இல் ஒரு குட்டிப் பந்தயம். நோம் வரைக்குமான முதல் பந்தயம் 1973-இல். 2023-இல் ஜெயித்தவர் அந்த ரெடிங்டனின் பேரன்.

கேள்வி: நாயை 1,600 கிலோமீட்டர் ஓடவைப்பது கொடுமை இல்லையா? இதைப் போய்ப் பிள்ளைகளுக்குப் பெருமையாகச் சொல்லலாமா?
(கால்நடைத் துறையில் ஓய்வு பெற்றவர், சேலம் அழகாபுரம், இதே கேள்வியை இன்னும் மூன்று பேர் கேட்டிருக்கிறார்கள்)

ஐயா, உங்கள் கடிதத்தைத்தான் பல முறை படித்தேன்.

பாதுகாப்புக்கு என்னென்ன இருக்கிறது என்று முதலில் சொல்லிவிடுகிறேன். பந்தயத்துக்கு முன்னால் ஒவ்வொரு நாய்க்கும் ரத்தப் பரிசோதனை, ஈ.சி.ஜி. உண்டு. வழியில் நிறுத்தங்களில் கால்நடை மருத்துவர்கள் இருந்து பார்க்கிறார்கள். அசந்துபோன நாயையோ அடிபட்ட நாயையோ நிறுத்தத்தில் விட்டுவிட்டால், தன்னார்வ விமானிகள் சின்ன விமானத்தில் ஏற்றிக்கொண்டுபோய்ப் பத்திரமாகச் சேர்க்கிறார்கள். ஒரு முறை விட்ட நாய்க்குப் பதில் வேறு நாய் சேர்க்க முடியாது. 24 மணி நேர நிறுத்தம் தவிர, எட்டு மணி நேர ஓய்வு இரண்டு முறை கட்டாயம்.

இவ்வளவு இருந்தும் நாய்கள் இறந்திருக்கின்றன. 2024-இல் பந்தயத்தின்போது மூன்று நாய்கள் இறந்தன. விலங்கு நல அமைப்புகள் இந்தப் பந்தயமே வேண்டாம் என்கிறார்கள், பெரிய நிறுவனங்கள் சில ஆதரவை விலக்கிக்கொண்டன.

அந்த மூன்று நாய்களின் செய்தி வந்தபோது நான் செய்தது தப்பு. பஸ் ஸ்டாண்டில் படித்தேன், நோட்டில் எழுதவில்லை. பிள்ளைகள் மனது கஷ்டப்படும் என்று மறைத்தேன். இரண்டு நாள் கழித்து ஒரு பையன், அப்பா போனில் பார்த்துவிட்டு வந்து, எல்லோர் முன்னாலும், "டீச்சர், உங்களுக்குத் தெரியுமா தெரியாதா?" என்று கேட்டான். தெரியும் என்றேன். அப்புறம் ஏன் சொல்லலை என்றான். என்னிடம் பதில் இல்லை. அன்று பாடம் நடத்தவில்லை, அதைப் பற்றித்தான் பேசினோம். பாதிப்பேர் இனிமேல் பார்க்க வேண்டாம் என்றார்கள். இன்னும் பாதிப்பேர், நாம் பார்க்காவிட்டாலும் ஓடத்தானே போகின்றன, நம் நாய்கள் என்ன ஆகின்றன என்று தெரிய வேண்டாமா என்றார்கள். ஒரு பெண் கேட்டது இன்னும் எனக்குள் இருக்கிறது. "ஓடறது அதுக்குப் பிடிக்கும் சரி, இவ்வளவு தூரம் வேணும்னு அது கேட்டுச்சா?"

என் கருத்தைக் கேட்டால், அந்த நாய்களுக்கு ஓட்டம் ரத்தத்தில் இருக்கிறது, பூட்டும்போதே துள்ளிக் குதிக்கின்றன, அதை நான் நம்புகிறேன். ஆனால் எவ்வளவு தூரம், எவ்வளவு வேகம் என்று முடிவு செய்வது மனிதர்கள், ஒரு நாய் செத்தாலும் அந்தப் பொறுப்பு அவர்களுடையது. இன்னும் ஓய்வு கூட்டினால், வேகம் குறைந்தால் எனக்குச் சந்தோஷம்தான். 2024-க்குப் பிறகு எங்கள் சுவரில் யார் முதலிடம் என்ற அட்டவணை இல்லை. எந்த வண்டியில் எத்தனை நாய் ஓடுகிறது, எத்தனை திரும்பி அனுப்பப்பட்டது, ஏன் என்ற அட்டவணைதான் இருக்கிறது. பிள்ளைகளே மாற்றிக்கொண்டார்கள். நீங்கள் ஒரு நாள் மலையேறி வந்து, நாயின் கால், இதயம், மூச்சு பற்றி எங்கள் பிள்ளைகளிடம் பேசினால் எனக்குப் பெரிய உதவியாக இருக்கும். வேண்டுகோளாகவே கேட்கிறேன்.

கேள்வி: வழியில் காட்டு விலங்கு வந்தால்? பனியில் துப்பாக்கி எடுத்துப் போவார்களா?
(ஒரு வாசகர், எடப்பாடி)

எடுத்துப் போவார்கள், மூஸ் என்ற பெரிய மானுக்குப் பயந்து. ஆழமான பனியில் நடக்க முடியாமல் அதுவும் வண்டிப் பாதைக்குத்தான் வரும், வழிவிடாது. 2024-இல் டாலஸ் சீவியின் நாய்களுக்கு நடுவே ஒன்று புகுந்து ஒரு நாயைக் காயப்படுத்திவிட்டது, சுட வேண்டியதாயிற்று. அப்படிச் சுட்டால் அதன் குடலை எடுத்துச் சுத்தம் செய்துவிட்டுத்தான் போக வேண்டும், இறைச்சி வீணாகக் கூடாது என்பது விதி. அதைச் சரியாகச் செய்யவில்லை என்று இரண்டு மணி நேரம் தண்டனை கொடுத்தார்கள். அப்படியும் அவர்தான் ஜெயித்தார், ஆறாவது முறையாக.

கேள்வி: பெண்கள் ஓட்டுவார்களா?
(பத்தாம் வகுப்பு மாணவி, தாரமங்கலம்)

ஓட்டுவார்களாவா! தனிப் பிரிவுகூடக் கிடையாது, ஆணும் பெண்ணும் ஒரே பந்தயம். 1985-இல் லிப்பி ரிடில்ஸ், பனிப்புயல் அடிக்கிறது என்று மற்றவர்கள் ஷக்டூலிக் ஊரிலேயே தங்கியபோது, தனியாகக் கிளம்பிப்போய் ஜெயித்தார். முதல் பெண் அவர்தான். சூசன் புட்சர் 1986, 1987, 1988, 1990 என்று நான்கு முறை ஜெயித்தார். அதே 1985-இல் சூசனின் வண்டியை ஒரு மூஸ் மறித்து இரண்டு நாய்களைக் கொன்று, அவர் பாதியிலேயே விலக வேண்டியிருந்தது. அடுத்த வருடம் திரும்பி வந்துதான் ஜெயிக்கத் தொடங்கினார். எங்கள் பள்ளியில் சீட்டுக் குலுக்கும்போது பெண் வண்டிக்காரர்களுக்குத்தான் போட்டி, பையன்களும் கேட்கிறார்கள்.

கேள்வி: என்னிடம் ராஜபாளையம் நாய் இருக்கிறது. சின்ன வண்டியில் பூட்டிப் பார்க்கலாமா?
(ஒரு வாசகர், கெங்கவல்லி)

வேண்டாம். அது வேட்டைக்கு வளர்த்த நாய், பாரம் இழுக்க வளர்த்ததில்லை. நம் வெயிலில் தார்ச்சாலையில் கால் வெந்துவிடும். விடியற்காலையில் கூட்டிப்போய்க் காலாற ஓடவிடுங்கள், அதுவே அதற்குப் போதும்.

கேள்வி: என் மகன் உங்கள் மாதிரி ஒரு பள்ளியில்தான் படிக்கிறான். மார்ச்சில் பரீட்சைக்குப் படிக்கிற நேரத்தில் இதெல்லாம் தேவையா? அதிலும் கடைசியில் வருபவருக்கு விளக்கு என்று எழுதியிருந்தீர்கள். கடைசியாக வரக் கற்றுக்கொடுக்கிறீர்களா?
(ஒரு தந்தை, சேலம் சூரமங்கலம்)

உங்கள் கவலை எனக்குப் புரிகிறது, எனக்கும் பிள்ளைகள் உண்டு. பதினைந்து நிமிடம்தான், அதில் கணக்கு, புவியியல், அறிவியல் எல்லாம் இருக்கிறது என்று ஆத்தூர் ஆசிரியருக்குச் சொன்னதையே உங்களுக்கும் சொல்வேன். இன்னொரு சின்ன விஷயம். இதுவரை இருந்த வேகமான ஓட்டம் 2017-இல் மிட்ச் சீவி ஓடியது, 8 நாள் 3 மணி 40 நிமிடம். ஓய்வெல்லாம் சேர்த்துச் சராசரி போட்டால் மணிக்கு 8 கிலோமீட்டர் சொச்சம்தான் வருகிறது. இவ்வளவுதானா, எங்க அண்ணன் சைக்கிளே வேகமா போகுமே என்றான் ஒருவன். நின்று, சாப்பிட்டு, தூங்கி, காலுக்கு மருந்து போட்ட நேரமெல்லாம் இதற்குள்ளே இருக்கிறது என்பதை அவர்களே கண்டுபிடிக்க ஒரு முழு வகுப்பு ஆனது. பரீட்சைக்கு விடிய விடிய விழித்திருந்து படிக்கிற பழக்கத்தை அந்த வருடம் இரண்டு பிள்ளைகள் நிறுத்தினார்கள். காரணம் கேட்டேன், நாய்க்கே எட்டு மணி நேரம் கொடுக்கிறார்கள் டீச்சர் என்றார்கள்.

விளக்குக்கு வருகிறேன். முன்பெல்லாம் நாய் வண்டியில் தபாலும் சாமானும் போகும். ஒரு வண்டி வழியில் இருக்கிறது என்று தெரிந்தால் அடுத்த விடுதியின் வாசலில் மண்ணெண்ணெய் விளக்கை ஏற்றிவைப்பார்கள், அந்த ஆள் வந்து சேரும்வரை அணைக்க மாட்டார்கள். அந்த வழக்கப்படி இப்போதும் பந்தயம் தொடங்கும்போது நோமில் ஒரு விளக்கு ஏற்றுகிறார்கள். முதல் ஆள் வந்தாலும் அது எரிந்துகொண்டேதான் இருக்கும். கடைசி ஆள் வந்துதான் அணைப்பார். அவருக்குச் சிவப்பு லாந்தர் என்ற பரிசும் உண்டு. 1973-இல் முதல் ஆள் இருபது நாளில் வந்தார், கடைசியாக வந்த ஜான் ஷுல்ட்ஸுக்கு 32 நாள் ஆனது. பாதியில் விட்டுவிட்டுப் போனவர்கள் பலர் இருக்க, அவர் நாய்களோடு வந்து சேர்ந்தார் ஐயா.

எங்கள் வகுப்பில் ஒரு பிள்ளையின் பாட்டி, தோட்டத்து லைன் வீட்டிலிருந்து பழைய அரிக்கேன் விளக்கைக் கொடுத்தனுப்பினார். எண்ணெய் ஊற்றவில்லை, உள்ளே சிவப்புத் தாளைச் சுருட்டிவைத்துக் கதவோரம் மாட்டிவிட்டோம். முதலில் வருபவர் வந்த மறுநாள் நான் அட்டவணையைக் கழற்றப் போனேன், விடவில்லை. கடைசி வண்டி வரும்வரை தினமும் காலையில் அதே பதினைந்து நிமிடம், அந்த ஒரே குண்டூசியை எலிம், ஒயிட் மவுண்டன் என்று நகர்த்தினார்கள். அது யார் எடுத்த சீட்டோ, ஆனால் அந்த வாரம் எல்லோருக்கும் அவர்தான் வண்டிக்காரர். எங்கள் பள்ளியில் பெயில் என்ற வார்த்தைக்குப் பயந்து பள்ளிக்கு வராமல் நின்றுவிடுகிற பிள்ளைகள் வருடத்துக்கு ஒன்றிரண்டு பேர் உண்டு. அவர்களில் ஒருவன்தான் இப்போது அந்த விளக்கைத் தினமும் துடைக்கிறான்.

கேள்வி: அடுத்த மார்ச்சில் எங்கள் பள்ளியும் சேர்ந்துகொள்ளலாமா?
(ஒரு தலைமையாசிரியை, அயோத்தியாபட்டணம்)

கட்டாயம் வாருங்கள் மேடம். மார்ச் முதல் சனிக்கிழமை அங்கே ஊர்வலமாகத் தொடங்குவார்கள், உண்மையான ஓட்டம் மறுநாள் ஞாயிறு, நமக்கு அது திங்கள் விடியற்காலை. அதனால் பிப்ரவரி கடைசிக்குள் வரைபடம் தயாராக வேண்டும். உங்கள் பிள்ளைகள் பத்துப் பேரை அழைத்துக்கொண்டு ஒரு சனிக்கிழமை மேலே வாருங்கள், கயிறு எங்களிடம் இருக்கிறது, மைதானத்தில் ஓட்டிப் பார்க்கலாம். துணி உறைகள் 56 தைத்தோம், இப்போது எண்ணிப் பார்த்தால் 53 இருக்கின்றன. மீதி மூன்றை மட்டும் உங்கள் பிள்ளைகளைத் தைத்துக்கொண்டு வரச் சொல்லுங்கள்.